மணியம் அண்ணனின் கோப்பு

ரப்பர் தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெரட்டுக்குப் பேர் வாசிக்கிற கணக்குப்பிள்ளை கிராணி மாதிரிதான் லிங்க்கர் என்கிற மென்பொருளும்; பேர் பட்டியலில் இருந்தால் போதும், ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்காது. என்னை மாதிரி நிரல் எழுதி மண்டை காய்கிறவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

ஒரே பேரில் இருவர்

ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் ரப்பர் உருளை மெஷின்களுக்குக் கண்ட்ரோல் போர்டு செய்கிறோம். நிரலைத் துண்டு துண்டாக எழுதுவோம். ஒவ்வொரு துண்டும் தன்னிடம் உள்ள வேலைகளின் பேரையும், மற்ற துண்டுகளிடம் கேட்கிற வேலைகளின் பேரையும் பட்டியலாகக் கொண்டுவரும். அவற்றைப் பொருத்தி ஒன்றாக்குவது லிங்க்கர்.

என் சீனியர் மணியம் அண்ணன் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். அவர் எழுதிய அவசர நிறுத்தத்தின் மூல நிரல் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. மெஷினுக்கு மட்டும் புரிகிற, திருத்த முடியாத கோப்புதான் மிஞ்சியது. நான் அதே பேரில் புதிதாக எழுதினேன். ஒரே பேர் இரண்டு கோப்பில் இருக்கிறதென்று லிங்க்கர் மறுத்துவிட்டது. சரி, பழையதை நீக்கித் தொலைப்போம் என்று போனால், பக்கத்து மேசை குமார் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், கருமாதி முடியட்டும்லா. அதுக்குள்ள அவரு பேர அழிக்காத."

ரெண்டு பீப்

எனக்கும் மனசு கேட்கவில்லை. என்னுடையதை 'வீக்', அதாவது பலவீனமானது, என்று குறித்துவிட்டேன். அப்படிக் குறித்தால் லிங்க்கர் சண்டை போடாது. மற்றவருடையதைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும். கருமாதிக்குப் போனேன், சாப்பிட்டேன், வந்தேன். குறித்ததைச் சுத்தமாக மறந்துபோனேன்.

அடுத்த வாரம் போர்டுகளைச் சோதிக்கிற லெட்சுமி அக்கா நிறுத்தப் பொத்தானை அழுத்தினார். பீப், பீப். என் நிரலில் பீப்பே கிடையாது. அக்கா பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

"மணியம் அண்ணே பேசறதுக்கு முன்னாடி மேசைய ரெண்டு தட்டு தட்டுவாரே, அதே மாதிரி இருக்கு."

சட்டைக் கை

மறுநாள் காலை சோதனை உருளையில் அக்காவின் சட்டைக் கை மாட்டிக்கொண்டது. மற்ற கையால் பொத்தானைக் குத்தினார். பீப், பீப். உருளை நின்றது. விரலுக்கும் உருளைக்கும் ஒரு அரிசி இடைவெளிதான்.

லிங்க்கர் எழுதிவைத்த பேர் பட்டியலைத் திறந்து பார்த்தேன். நிறுத்தம் என்ற பேருக்கு எதிரே மணியம் அண்ணன் கோப்பு; நான் போட்ட 'வீக்' அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவருடையதை எடுத்துவிட்டு, என்னுடையதை வைத்து, உருளையில் ஒரு துணியை மாட்டிப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். பொத்தானை நிஜமாகத்தான் அழுத்தினார்களா என்று உறுதிசெய்துகொள்ள என் நிரல் கொஞ்சம் காத்திருந்தது. அதற்குள் துணி முழுசாக உள்ளே போய்விட்டது. அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். நசுங்கிய துணியைக் கையில் எடுத்து விரித்துப் பார்த்தார்.

"அவரு கோப்ப எடுக்காத தம்பி, அவரு டூட்டி இன்னும் முடியல."

கருமாதி முடிந்து பல மாதமாகிறது. உயிரோடு இருக்கிற நான் பட்டியலில் இன்னும் 'வீக்', போனவர்தான் தினமும் வேலைக்கு வருகிறார்.