சார்ஜருக்கு ஒரு சட்டை

புறங்கையால் மெல்லத் தொட்டுப் பார்க்கிறார். "இன்னும் கொதிக்குதே" என்று உச்சுக் கொட்டுகிறார். கார் நிறுத்துமிடத்துச் சுவரில், மனைவியின் மின்சாரக் காருக்காக மாட்டியிருக்கும் சார்ஜருக்குத்தான் இந்தப் பணிவிடை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தையல் இயந்திரத்தை விட்டு எழுந்து வந்துவிடுவார். எதிரே ஒரு மேசை விசிறி வேறு. போதாதென்று தைரியமும் சொல்வார்: "கொஞ்சம் பொறுத்துக்கப்பா, எண்பது சதவீதம் வந்தாச்சு, இன்னும் இருபதுதான்."

ஆள் தையல்காரர். துணியில்லாமல் எது நின்றாலும் அவருக்குக் கூச்சம். வீட்டில் மிக்ஸிக்கு உறை, ரிமோட்டுக்கு உறை, கேஸ் சிலிண்டருக்குப் பாவாடை. போன மாதம் சார்ஜர் வந்த அன்றே அதற்கும் அளவெடுத்துவிட்டார். உள்ளே லைனிங், நடுவே பஞ்சு, வெளியே மழைத்துணி. ஒயர் வெளியே வர ஓரம் அடித்த துளை. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அப்படி ஒரு வேலை.

அந்த வாரத்திலிருந்தே சார்ஜர் சூடேறிப் பாதியில் நிற்க ஆரம்பித்தது. மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு முறை தாமதமாகப் போய்த் தலைமை நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். "இன்னொரு தடவை நின்னுச்சுன்னா வண்டிய எங்க அண்ணனுக்குக் குடுத்துடுவேன். நான் பஸ்ல போய்க்கிறேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். மனைவி கார் ஓட்டிப் போவதைத் தெருமுனை வரை பார்த்து நிற்பதில் தையல்காரருக்கு அத்தனை பெருமை. அதற்கே உலை வைத்துவிடும் போலிருந்தது.

எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டார். அவர் ஒயர், பிரேக்கர் எல்லாவற்றையும் சோதித்தார். பழுதில்லை. கடைசியில் உறையைத் தூக்கிப் பார்த்தார்.

"அண்ணே, இதுக்கு யாரு ஸ்வெட்டர் போட்டது?"

"தூசி படக் கூடாதேன்னு..."

"காத்து போற வழியெல்லாம் அடைச்சுட்டு, எதிர்ல ஃபேன் வேறயா? கழட்டிப் போடுங்க, தானா சரியாயிடும்."

மறுநாள் காலை சார்ஜர் நூறு காட்டியது. தையல்காரர் உறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, திருடி மாட்டிக்கொண்டவர்போல் நின்றார். மனைவி உறையைப் பிடுங்கித் தன் சாப்பாட்டு கேரியர்மேல் கவிழ்த்தார்.

"சூட்ட இப்படிப் பிடிச்சு வைக்கிற துணிய, போயும் போயும் அதுக்கா போட்டீங்க? தெனம் ஆறிப்போனதச் சாப்பிடுறவ இங்க ஒருத்தி இருக்கேன்."

"இரு, இரு!"

"நேரமாச்சுங்க."

தையல்காரர் காதிடுக்கிலிருந்து சாக்கட்டியை எடுத்து, கேரியரின் கைப்பிடி வரும் இடத்தில் உறைமேல் துளைக்குக் கோடு போட்டார்.