தேங்காய் எண்ணெய் போட்டு ஏற்றிய டயர்

எனக்கு டயர் என்றாலே பயம். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். சின்ன வயதில் ஒரு பஞ்சர் கடையில் லாரி டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது, அதன் இரும்பு வளையம் தெறித்துக் கடையின் தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தவன் நான். யாருக்கும் அடியில்லை. ஆனால் அந்தச் சத்தம் என் காதை விட்டு இன்னும் போகவில்லை. பஞ்சர் கடை வந்தால் இன்றைக்கும் ரோட்டின் எதிர்ப்பக்கமாகத்தான் நடப்பேன்.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த மனைவி, நாற்பது வயதுக்கு மேல் மலைச் சைக்கிள் ஒன்று வாங்கினாள். பாளையங்கோட்டையிலிருந்து சீவலப்பேரி போகும் வழியில், ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி ஒரு பொத்தை இருக்கிறது. பாறையும் சரளையுமாக ஒரு சின்னக் குன்று. அலுவலகம் இல்லாத சனிக்கிழமைகளில் அவளும் தோழிகளும் விடியுமுன்னே போய், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறி, அங்கிருந்து ஓட்டிக்கொண்டு இறங்குவார்கள். கடைசி வளைவுக்குக் கீழே பழைய கல்குவாரிப் பள்ளம். ஒருமுறை போய்ப் பார்த்தேன். இனிமேல் பார்க்கவே கூடாது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். அவளுக்குப் பயம் என்பதே கிடையாது. வீட்டுக்கு வேண்டிய பயத்தையெல்லாம் நான் ஒருத்தனே பட்டுக்கொண்டிருந்தேன்.

பொத்தையைச் சுற்றி உடைமுள். போகும்போதெல்லாம் பஞ்சர். அதனால் டியூப் இல்லாத டயர் வாங்கி வந்தாள். உள்ளே பால் மாதிரி ஒரு மருந்தை ஊற்றிவிட்டால், முள் குத்தினாலும் தானே அடைத்துக்கொள்ளுமாம். எல்லாம் சரி, டயர் ரிம்மில் ஏற வேண்டுமே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டு முற்றத்தில் சக்கரத்தை நடுவில் போட்டு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். பின் சக்கரத்துக்கு வாங்கியது எப்படியோ ஏறிவிட்டது. முன் சக்கரத்தின் டயர் மகா இறுக்கம். முக்கால்வாசி ஏறும், கடைசி ஒரு சாண் மட்டும் வெளியே நின்றுகொண்டு வரமாட்டேன் என்னும். கம்பி போட்டு நெம்பினால், காற்று கசியாமலிருக்க ரிம்முக்குள் ஒட்டியிருக்கும் நாடா கிழிந்துவிடும். எனக்குக் கட்டைவிரல் ரெண்டும் கன்னிப்போய்விட்டன.

"கடையில சோப்புத் தண்ணி தடவச் சொன்னாவோ" என்றாள்.

"சோப்புல என்ன இருக்கு? தேங்கா எண்ணெயக் கொண்டாரேன்."

"அதுவும் சரிதான். வளையலுக்கே எண்ணெதான போடுதோம்."

எங்கள் வீடுகளில் எது இறுகினாலும் தேங்காய் எண்ணெய்தான். கதவுத் தாழ்ப்பாள், தையல் மெஷின், குழந்தையின் தலையில் சிக்கிய சீப்பு, எல்லாவற்றுக்கும் அதுதான். டயரின் ஓரம் முழுக்கத் தாராளமாகப் பூசினேன். அவள் அதன் பிறகு செய்ததைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனித் திருவிழாவில் வளையல் போடுகிறவர் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக் கையைக் குறுக்குவாரே, அதே மாதிரி, எதிர்ப்பக்கத்து டயரை ரிம்மின் நடுப் பள்ளத்துக்குள் பைய அமுக்கிக்கொண்டே வந்தாள். இந்தப் பக்கம் கொஞ்சம் தளர்ந்தது. ஒரே அழுத்து. சத்தமே இல்லாமல் உள்ளே போய்விட்டது.

அடுத்தது காற்று. கைப்பம்பில் அடித்தால் டயர் ரிம்மோடு உட்காராது, மொத்தமாக வேகமாக ஏற்ற வேண்டும். தெருமுனை டயர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நான் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"என்ன வே, அங்கன போயி நிக்கீரு? சைக்கிள் டயருதான வே" என்றார் கடைக்காரர்.

"நீங்க அடிங்க அண்ணாச்சி. நான் இங்கனயே நிக்கேன்."

'டொப்' என்று ஒரு பக்கம் உட்கார்ந்தது. எனக்கு உயிர் போய் வந்தது. மறுபக்கம் சத்தமில்லை. அவள் குனிந்து காதை டயருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஏட்டி, தலையத் தள்ளி வையி" என்று கத்தினேன். கத்தி முடிக்கும்முன் இரண்டாவது 'டொப்'. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் பால் மருந்தை ஊற்றி, காற்றை அளவாக வைத்து, வீட்டுக்கு வந்தோம். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் நான் எழுந்தபோது அவள் பொத்தைக்குப் போயிருந்தாள். சனிக்கிழமை எனக்கு எண்ணெய்க் குளியல். தலையிலிருந்து கால்வரை நல்லெண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, ஊறட்டும் என்று கிணற்றடியில் நின்றேன். வாளியைத் தூக்கக் கையைக் கீழே இறக்கியபோது, என் கல்யாண மோதிரம் தானாகக் கழன்று வாளித் தண்ணீருக்குள் விழுந்தது. ஆண்டுக்கணக்காகக் கழற்ற முடியாமல் விரலோடு இறுகிக் கிடந்த மோதிரம்.

அதை எடுக்கக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். சோப்புத் தண்ணீர் காய்ந்து போகும். எண்ணெய் எப்படிக் காயும்? டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் அது ஈரமாகவே இருக்கும், வளைவில் சாய்த்தால் டயரும் இந்த மோதிரம் மாதிரியே நழுவிவிடும். இப்போது அவள் மேலே ஏறிக்கொண்டிருப்பாள்.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. தோழிகளுக்கு அடித்தேன், அவர்களும் எடுக்கவில்லை. இறங்கும்போது உடைந்துவிடும் என்று எல்லோர் போனையும் ஒரே பையில் போட்டுக் கீழேயே வைத்துவிடுவார்கள் என்பது அப்புறம்தான் நினைவு வந்தது. கைலியோடு, எண்ணெய் வழிய வழிய, ஸ்கூட்டரை எடுத்தேன். கைப்பிடி வழுக்கியது. எண்ணெய் கண்ணில் இறங்கி எரிந்தது. சீவலப்பேரி டவுன் பஸ் ஒன்று எனக்கு வழிவிட்டு ஒதுங்கியது, உள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என்னென்ன கண்முன் வந்தது என்று எழுத இப்போதும் கை வரவில்லை. தெரிந்த சாமி பெயரையெல்லாம் கூப்பிட்டேன்.

பொத்தை அடிவாரத்தில் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர்கள் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் தொப்பி அவள்தான். "நில்லு, நில்லு" என்று கத்தினேன். காற்றில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. கடைசி வளைவில் மஞ்சள் தொப்பி பள்ளத்தின் பக்கம் ஒரு சாய் சாய்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பயந்தாங்கொள்ளி செய்கிற வேலை அதுதான்.

சரளை அரைபடும் சத்தம் கிட்டே வந்து நின்றது.

"என்னங்க இது கோலம்? குளிக்காம எங்க வந்திய?"

தோழிகள் சிரித்தார்கள். நான் மண்டியிட்டு உட்கார்ந்து, பாதிக் காற்று போய்த் தொய்ந்திருந்த முன் டயரின் பக்கவாட்டில் கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினேன். முந்தின நாள் இரண்டு பேரை அந்தப் பாடு படுத்திய டயர் ரிம்மைவிட்டு நழுவியது. 'புஸ்' என்று வெள்ளைப் பால் என் காலெல்லாம் கொட்டியது.

சிரிப்பு நின்றது. அவள் டயரையே பார்த்தாள்.

"வளைவுல லேசா வழுக்குச்சு. கல்லுல ஏறிட்டுன்னு நெனச்சேன்" என்றாள் மெதுவாக.

"எண்ணெ. நாம போட்ட எண்ணெ" என்றேன்.

எழுந்திருக்க நான் நீட்டிய கையைப் பிடித்தவள் விரலைப் பார்த்தாள்.

"மோதிரம் எங்க?"

"வாளிக்குள்ள கெடக்கு. அது கழண்டு விழுந்ததப் பாத்துத்தான் ஓடியாந்தேன்."

அவள் திரும்பி வளைவைப் பார்த்தாள், அதன் கீழே இருந்த பள்ளத்தைப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் சரளையிலேயே உட்கார்ந்துவிட்டாள். என் எண்ணெய்க் கை வழுக்க வழுக்க, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தோழிகள் வந்து எழுப்பியும் விடவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் பயந்து நான் பார்த்ததில்லை. அன்று காலையிலிருந்து நான் பட்ட பயம் அத்தனையிலும் பெரிய பயம் அதுதான்.