கசெட்டில் வந்த பூதக்கதை

என் மகள் வாசிக்கும் புத்தகங்களில் மலை எழுந்து நடக்கும், மீன் சத்தியம் செய்து கொடுக்கும். அப்படியான மாயக்கதைகளால் மனதுக்கு என்ன கிடைக்கிறது என்று வீட்டில் பெரியவர் ஒருவரிடம் கேட்டு எழுதி வரும்படி போன மாதம் அவளுடைய தமிழ் ரீச்சர் சொல்லியிருந்தார். அவள் முதலில் என்னிடம்தான் வந்தாள். எனக்கு நாலு பேருக்கு முன்னால் மட்டுமல்ல, பெற்ற பிள்ளைக்கு முன்னாலும் நினைத்ததைச் சொல்ல வாய் வராது. "அப்பாட்டப் போய்க் கேள்" என்றேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த என் கணவர் தலை நிமிராமல், "அது சும்மா நேரம் போறதுக்கு" என்றார். அவளும் அதையே எழுதிக்கொண்டு போனாள்.

எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுகம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அம்மா அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனார். எங்கள் ஊரான தோட்டவெளிப் பக்கத்தில் அப்போது பல வீடுகளில் தாய்மார் இல்லை. சண்டைக் காலம். கடலுக்குப் போக நேவியிடம் பாஸ் எடுக்க வேண்டும். எடுத்தாலும் கரையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரம்வரைதான் போகலாம். மீன்களும் அந்தச் சட்டத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு அதற்கு அப்பால் சீவித்தன. எங்கள் ஓலைக் கிடுகு வீட்டுக்குப் பக்கத்தில் அப்பா தொடங்கிய கல்வீடு யன்னல் உயரத்தில் நின்றுபோயிருந்தது. அதற்குள் கோழி அடைத்தோம். இரண்டு வருடத்தில் அம்மா வந்துவிடுவார், வீட்டுக்குக் கூரையும் வந்துவிடும் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். என்னையும் தம்பியையும் பார்த்துக்கொள்ள அப்பாவின் தங்கை, எங்கள் மாமி, வந்து இருந்தார்.

போவதற்கு முன் அம்மா எங்களுக்கு ஒரு கதைப் புத்தகம் வாசித்துவந்தார். கோயில் வாசிகசாலையில் கழித்துப் போட்ட புத்தகம். அட்டை இல்லை, யார் எழுதியது என்றும் தெரியாது. மழை இல்லாமல் காய்ந்துபோன ஒரு கடற்கரை ஊர். அந்த ஊர்ப் பெண் சங்குமணி, மழைக்கல் எடுத்துவருவதற்காகச் சிறகு கட்டிக்கொண்டு கடல் தாண்டிப் பூதராணியின் வீட்டுக்குப் போகிறாள். அங்கே வேலை செய்தால் பூதராணியின் தோட்டத்தில் அவளுக்கென்று ஒரு மழைக்கல் விளையும். அதை ஊருக்குக் கொண்டுவந்தால் மழை பெய்யும். சங்குமணி பூதராணி வீட்டுக் கதவைத் தட்டுகிற இடத்தோடு எங்கள் புத்தகம் முடிந்துபோயிற்று. மிச்சத்தைக் கறையான் தின்றிருந்தது.

"மிச்சக் கதை?" என்று அம்மா புறப்பட்ட அன்று காலையிலும் தம்பி கேட்டான்.

"அங்க முழுப் புத்தகமும் இருக்கும். பாத்துச் சொல்லுறன்" என்றார் அம்மா.

அரபு நாட்டு வீட்டில் தமிழ்ப் புத்தகம் எப்படி இருக்கும் என்று நாங்கள் கேட்கவில்லை. கல் தோட்டத்தில் விளையும் என்று நம்பியவர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுக்குப் போனவர்கள் அப்போது கடிதத்தைவிடக் கசெட்டைத்தான் நம்பினார்கள். லீவில் வருகிற யாராவது சவர்க்காரக் கட்டிகளோடு ஒரு கசெட்டையும் கொண்டுவருவார்கள். ஒரு பக்கத்தில் அம்மா பேசியிருப்பார். மற்றப் பக்கத்தில் நாங்கள் பேசித் திருப்பி அனுப்ப வேண்டும். வழியில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் அதைப் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் விடுவார்கள். முதல் கசெட்டைக் கொண்டுவந்த அக்காவிடம், பாட்டும் இல்லை ஒன்றும் இல்லை, இந்தப் பெண் என்ன சொல்லிக்கொண்டே போகிறாள் என்று ஒரு ஆமிக்காரர் கேட்டாராம். "கதாவ, மஹத்தயா" என்று சிங்களத்தில் சொன்னாராம் இவர். கதை என்றதும் அவர் சிரித்துக் கொடுத்துவிட்டாராம்.

அம்மா எல்லாரையும் சுகம் விசாரித்து, செபம் சொல்லாமல் படுக்கக் கூடாது என்று சொல்லி, கடைசியில் "இனிக் கதை" என்பார். குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார். கதைக்கு அதுதான் அழகு என்று நாங்கள் நினைத்தோம்.

பூதராணி முதல் வேலையாகச் சங்குமணியின் சிறகை வாங்கி இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். வீட்டுத் தரை முழுக்கக் கண்ணாடி. பூதராணி குனிந்து பார்க்கும்போது அவள் முகத்தில் ஒரு புள்ளி தெரிந்தாலும் சங்குமணிக்கு அன்றைக்குச் சாப்பாடு இல்லை. ஒருநாள் நெருப்பாய்க் காய்ந்த இரும்பு பட்டு அவள் முழங்கையில் பிறை போல ஒரு தழும்பு வந்தது. அந்தத் தழும்பை வெகுநாட்களுக்குப் பிறகு அம்மாவின் கையில் பார்த்தேன். அப்போது அது எங்களுக்குக் கதையின் நல்ல இடங்களில் ஒன்று.

பூதராணிக்கு ஒரு குட்டி இருந்தது. சங்குமணியின் விரலைப் பிடித்தால்தான் அது நித்திரை கொள்ளும். அந்தக் குட்டியை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. அடுத்தவர் விரல் அதற்கு எதற்கு? அடுத்த கசெட்டில் அம்மா, "அதுவும் பாவம். பெரிய வீடு, பெரிய கட்டில். தாய் இருக்கிறா, தாய்க்கு நேரமில்லை" என்றார். அன்றைக்கு நான் அழுதேன். அதற்குப் பிறகு அந்தக் குட்டியில் எனக்குக் கோபம் இல்லை. அம்மா போன நாளிலிருந்து எனக்குள் இருந்த வேறொரு கோபமும் அதோடு போயிருந்தது; அதை நான் கவனிக்கவில்லை.

திருப்பிப் பேசுவதுதான் எனக்குக் கஷ்டம். அப்பா பேசுவார், மாமி பேசுவார், தம்பி தேவாரம்போல் இழுத்துச் செபம் சொல்வான். பேச்சைப் பதிகிற கசெட் ரேடியோவை என் வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தால் எனக்கு மூச்சுத்தான் வரும். முதல் தடவை நான் விழித்துக்கொண்டு நின்றபோது வேலிக்கு வெளியே நின்ற கழுதை ஒன்று கத்தியது. அடுத்த கசெட்டில் அம்மா, "என்ர மகள் பேசேல்ல. பறவாயில்லை, கழுதை வடிவா எல்லாச் சுகமும் கேட்டது" என்றார். ஊரில் கொஞ்சக் காலம் அதுவே எனக்குப் பட்டப்பெயராக இருந்தது.

இரண்டு வருடம் முடிகிற நேரத்தில் வந்த கசெட்டில் அம்மா சொன்னார்: "இந்த வீட்டுக்காரர் இன்னும் ரெண்டு வருசம் நிக்கச் சொல்லுகினம். வாறதோ நிக்கிறதோ எண்டு எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. நீங்கள் சொல்லுங்கோ." அது அப்பாவுக்கு. பிறகு கதை வந்தது. பூதராணி சங்குமணியைக் கூப்பிட்டு, 'உன் கல் பாதிதான் விளைந்திருக்கிறது. பாதிக் கல்லோடு இப்போதே போகிறாயா, முழுக்கல் விளையும்வரை நிற்கிறாயா?' என்று கேட்டாளாம்.

"அவள் என்ன செய்ய வேணும், பிள்ளையள்? நீங்கள் சொல்லுற மாதிரித்தான் இனிக் கதை போகும்" என்று அம்மா முடித்தார்.

அன்று மாமி வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மாவைப் பற்றி அப்பாவிடம் கேட்டார். "மச்சாளை வரச் சொல்லப்போறியளோ அண்ணன்?"

"அவ என்ன நினைக்கிறாவோ."

"அவ உங்களைக் கேக்கிறா. நீங்கள் அவவைக் கேக்கிறியள்."

"கூரை போடாம வந்தா..." என்று தொடங்கிய அப்பா, எங்களைக் கண்டுவிட்டுப் பேச்சை நிறுத்தினார்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, வெயிலில் காயவைத்த பற்றரிகளை ரேடியோவுக்குள் போட்டோம். அப்பா தொண்டையைச் செருமினார். "நாங்கள் எல்லாரும் சுகம். கடல் முந்தி மாதிரித்தான். கூரைச் சீற் விலை ஏறிப்போச்சு. நீ உன்ர சுகத்தையும் பாத்து, யோசிச்சுச் செய்." மாமி, "பிள்ளையளை நினைச்சுக் கவலைப்படாதேங்கோ மச்சாள், நான் இருக்கிறன்தானே" என்றார். தம்பி, வரும்போது பந்து வேண்டும், அதுவும் பெரிய பந்து என்றான். இப்போது யோசித்துப் பார்த்தால், ஒருவரும் வா என்று சொல்லவில்லை. நில் என்றும் சொல்லவில்லை.

என் முறை வந்தது. எனக்கு மட்டும் பதில் தெளிவாகத் தெரிந்திருந்தது. பாதிக் கல்லோடு சங்குமணி வந்துவிட்டால் கதை அதோடு முடிந்துவிடும். வாரக்கணக்காக அதற்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். ரேடியோவை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"அம்மா, சங்குமணி இப்ப வரக்கூடாது. முழுக்கல் எடுத்துக்கொண்டுதான் வரவேணும். பாதிக் கல்லோட வந்தா மழை பாதியில நிண்டிடும். அவளுக்கு அங்க ஒண்டும் செய்யாது. அவள் கெட்டிக்காரி."

மாமி என்னை இழுத்துக் கொஞ்சினார். "வாய் திறந்திட்டாள். இவள் கோட்டில வழக்குப் பேசுற அப்புக்காத்தாத்தான் வருவாள், பாருங்கோ."

அப்பா சிரிக்கவில்லை. பொத்தானை அமத்தி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "வேணுமெண்டா அழிச்சுப்போட்டு வேற மாதிரிச் சொல்லு, பிள்ளை."

"ஏன் அப்பா, பிழையோ?"

"இல்லை" என்றார். ரேடியோவின் மூடியைத் திறந்துகொண்டே, "பிழை இல்லை" என்றார்.

கசெட்டை எடுத்து, உடுத்திருந்த சாறத்தில் துடைத்து அதன் பெட்டிக்குள் வைத்தார். பிறகு வெளியே போய், யன்னல் உயரச் சுவர்களுக்குள் நின்று ஒரு குற்றமும் செய்யாத கோழிகளைத் துரத்தினார். கல்வீட்டில் கோழி நிற்பது அவருக்கு அன்றைக்குத்தான் பிடிக்காமல் போயிற்று என்று நினைத்தேன்.

எங்கள் கோயில் பெருநாள் முடிந்த பிறகு அடுத்த கசெட் வந்தது. அம்மா இந்த முறை யாரையும் சுகம் விசாரிக்கவில்லை.

"என்ர பிள்ளை கதைச்சிட்டாள்" என்றார். "எத்தின தரம் திருப்பிப் போட்டுக் கேட்டன். பிள்ளை சொன்னது சரி. பாதிக் கல்லை வைச்சு என்ன செய்யிறது? சங்குமணி நிக்கிறன் எண்டு சொல்லிட்டாள்."

நான் சொன்னதைக் கேட்டு ஒரு கதையே திசை திரும்பிப் போகிறது என்ற பெருமையில் எனக்குத் தலைகால் தெரியவில்லை. தம்பியின் முதுகில் ஒன்று போட்டேன். மேலே என்ன வருகிறது என்று காதைக் கிட்ட வைத்தேன். பேச்சு வரவில்லை. ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, குழாயை முழுதாகத் திறந்துவிட்டதுபோல் தண்ணீர் கொட்டுகிற சத்தம். அது மட்டும் கசெட்டில் போய்க்கொண்டே இருந்தது. மாமி எழும்பி அடுப்படிக்குப் போனார். அப்பா ரேடியோவை நிறுத்தக் கையை நீட்டினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நிப்பாட்டாதேங்கோ அப்பா, அங்க மழை தொடங்கிட்டுது" என்று சொல்லி, எல்லாருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.