எண்ணெய் வருமென்று பெயர்த்த சிப்பி

கப்பல் மூழ்கிய சங்கதி கேரள எல்லையோரத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு ஒரு ஆட்டோவில் வந்தது. வடக்கே ஒரு சரக்குக் கப்பல் முங்கிவிட்டது, எண்ணெய் கசிகிறது, நீரோட்டம் தெற்கே இழுக்கிறது, கரையில் எது ஒதுங்கினாலும் தொடக்கூடாது என்று ஒலிபெருக்கியில் மலையாளத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே குளத்தூர் ரோட்டில் போனார்கள். நானும் அண்ணனும் அப்போது ஒரு வீட்டுக்குச் சுவர் பூசிக்கொண்டிருந்தோம். அண்ணன் கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு, ஆட்டோ வளைவில் மறைகிறவரைக்கும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எங்களுக்கு மழைக்காலத்தில் கொத்தனார் வேலை. கடல் அடங்கிய மாதங்களில், பாறையில் ஒட்டி வளர்கிற கறிச்சிப்பியை எடுத்து விற்போம். கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, தண்ணீருக்கடியில் வரிசையாகப் பாறைகள் உண்டு. ஒருவன் உளியோடு முங்கினால் மற்றவன் மேலே லாரி டியூபைப் பிடித்துக்கொண்டு மிதப்பான். முங்கினவன் மேலே வரத் தாமதித்தால் மிதக்கிறவனுக்குத்தான் மூச்சு முட்டும். பதினெட்டு வருஷம் எங்கள் இரண்டுபேருக்கும் இடையில் இருந்தது அதுதான். வேறு பெரிய பேச்சு ஒன்றும் கிடையாது.

மழை தொடங்கப் போகிறதென்றால் யாரும் பாறைக்குப் போகமாட்டார்கள். கடல் ஏறிவிடும் என்பது மட்டும் காரணமில்லை. சிப்பி அப்போது முட்டை நிறைந்து கிடக்கும். அதை விட்டுவைத்தால்தான் மழையோடு மழையாகக் குஞ்சு பிடித்து, அடுத்த பருவத்துக்குப் பாறை கருத்துக் கிடக்கும். அதை மீறினவர்களை நான் கண்டதில்லை. கப்பல் மூழ்கியதும் அப்படி மழை தொடங்கப்போகிற சமயத்தில்தான்.

மறுநாள் சர்ச் ஹாலில் கூட்டம். அதிகாரி ஒருவர் வந்து சுவரில் படம் போட்டுக் காட்டினார். எண்ணெய் வந்தால் ஆறு கடலில் சேருகிற பொழி வழியாகக் காயலுக்குள் ஏறிவிடும், பிறகு அதை எடுக்கவே முடியாது என்றார். வீட்டுக்கு ஒரு ஜோடி கையுறை கொடுத்தார்கள். என் கையில் அது பாதிதான் ஏறியது. பின்வரிசையில் இருந்த ஒருத்தி எழுந்து, "சாறே, காயல்ல எண்ணெ கேறினா எங்க கெணத்து வெள்ளம் குடிக்கலாமா?" என்று கேட்டாள். அவர், பரிசோதித்துச் சொல்கிறோம் என்றார்.

அன்று மத்தியானமே வேலை தொடங்கிவிட்டது. பழைய வலைகளை நீளப் பைகளாகத் தைத்து, அதற்குள் வைக்கோலையும் தேங்காய் நாரையும் திணித்தார்கள். எண்ணெயை அது குடித்துக்கொள்ளுமாம். சர்ச் பெண்கள் தைத்தார்கள். அம்மன் கோயில் அண்டாவில் கஞ்சி வந்தது. ஆண்கள் பொழியில் மணல்மூட்டை அடுக்கினோம். அடுக்கிய வரிசையை ராத்திரி அலை கலைத்துப் போட்டால் காலையில் மறுபடியும் தொடங்குவோம். அண்ணன் மூன்று நாளும் வீட்டுக்கு உண்ணப் போகவில்லை. மதினி சோற்றைத் தூக்குப்பாத்திரத்தில் கொண்டுவந்து மணலில் வைத்துவிட்டுப் போவாள்.

மூன்றாம் நாள் என் போனில் ஒரு படம் வந்தது. எங்கோ ஒரு கரை, கருப்பாக, அதில் ஒரு பறவை. எந்தக் கரை என்று தெரியாது. ஊரில் எல்லோருடைய போனிலும் அது வந்திருந்தது. அன்று மாலைக்குள் பாறையை ஒட்ட எடுத்துவிடுவது என்று சிப்பி எடுக்கிற மற்றவர்கள் தீர்மானித்துவிட்டார்கள். நான் அண்ணனிடம் போய்ச் சொன்னேன்.

"எண்ணெ வந்தா எல்லாம் சாவும். சாவப்போற சிப்பிய எடுத்தா என்ன பாவம்?"

அவன் மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டே கேட்டான். "வரேல்லன்னா?"

"வருகுன்னு கவர்மெண்டே சொல்லுகு."

"வந்தா வரட்டு. சாவட்டு. அது எண்ணெ கொன்னதா இருக்கட்டும். நம்ம கையால எதுக்குல?"

"நாம விட்டா மத்தவனுவ எடுக்கப்போறான். பின்ன நமக்கு என்ன மிச்சம்?"

அண்ணன் கட்டிய மூட்டையைத் தூக்கி வரிசையில் வைத்தான். பிறகு, "மக்கா, முட்டையோட கிடக்குல்லா அது. நான் வரேல்ல. நீயும் போவாத," என்றான்.

நான் போனேன். எனக்கு டியூப் பிடிக்க மனைவியின் தம்பி வந்தான். கடல் கலங்கிக் கிடந்தது, ஒரு முழத்துக்கு அப்பால் தெரியவில்லை. கையால் தடவித் தடவி உளியைப் போட்டேன். வழக்கமாகப் பெரிசைப் பார்த்து எடுப்போம். அன்று பெரிசு, சிறிசு, நகம் அளவு கிடந்தது எல்லாவற்றையும் பாயைச் சுருட்டுவதுபோலப் பெயர்த்தேன். சுற்றிலும் உளிச்சத்தம். இருபது பேராவது இருந்திருப்போம். மேலே வந்து மூச்சு வாங்கும்போது பொழிப்பக்கம் பார்த்தேன். அண்ணன் மூட்டைகளின்மேல் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். கை காட்டவில்லை. நான் மறுபடியும் முங்கினேன்.

ஐந்து சாக்குச் சிப்பி எனக்குக் கிடைத்தது. மறுநாள் காலை ஆட்டோவில் ஏற்றிப் பாறசாலைச் சந்தைக்குப் போனேன். சாக்கைப் பிரித்ததுமே ஒருவர் எட்டிப் பார்த்து, "எண்ண சிப்பியாணோ?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தார். எண்ணெய் இன்னும் வரவே இல்லை, வருவதற்கு முன்னால் எடுத்தது என்று நான் தமிழிலும் மலையாளத்திலும் சத்தம்போட்டுச் சொன்னேன். யாரும் நிற்கவில்லை. வருஷக்கணக்காக என்னிடம் வாங்குகிற ஒரு அம்மா மட்டும் பக்கத்தில் வந்தாள்.

"பிள்ளேரு உள்ள வீடாக்கும் மோனே. ஒன்ன குத்தம் சொல்லேல்ல கேட்டியா," என்று என் கையைத் தொட்டுவிட்டுப் போனாள்.

அங்கிருந்து குன்னத்துகால் சந்தைக்குப் போனேன். அங்கே மீன் வாங்கவே ஆளில்லாமல் தட்டுகள் காலியாகக் கிடந்தன. வெயில் ஏற ஏறச் சாக்கிலிருந்து தண்ணீர் வடிந்தது. சிப்பிகள் ஒவ்வொன்றாக வாய் திறக்கத் தொடங்கின.

வீட்டுக்கு வந்தபோது நாற்றம் எடுத்துவிட்டது. கடலில் திரும்பக் கொட்டலாமா என்றுகூட நினைத்தேன். செத்ததைக் கொட்டி என்ன பிரயோஜனம். கொல்லையில் தென்னைக்குப் பக்கத்தில் குழி தோண்ட ஆரம்பித்தேன். கொஞ்சநேரத்தில் இன்னொரு மண்வெட்டிச் சத்தம் கேட்டது. அண்ணன். யார் சொன்னார்களோ தெரியாது. எதிர்ப்பக்கத்தில் நின்று தோண்டினான். இரண்டுபேருமாகச் சாக்குகளைக் கவிழ்த்தோம். உடைந்த ஓட்டுக்குள் செம்மஞ்சள் நிறத்தில் முட்டை தெரிந்தது. அவன் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தான், போட்டான், மண்ணைத் தள்ளினான். முடிந்ததும் மண்வெட்டியைக் கழுவித் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டான். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

எண்ணெய் வரவில்லை. வந்தது கப்பலின் சரக்குப் பெட்டிகள் உடைந்து சிதறிய, அரிசிபோல வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள்தான். அலை ஒதுக்கிய இடமெல்லாம் பால் தெளித்தாற்போலக் கிடந்தன. வாரக்கணக்கில் மணலைச் சல்லடையில் சலித்தோம். எண்ணெய் அபாயம் நீங்கிவிட்டது என்று அறிவிப்பு வந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஸ்தோத்திர ஜெபம் வைத்தார்கள். எல்லோரும் எழுந்து பாடினார்கள். நானும் எழுந்து நின்றேன். வாய் திறக்கவில்லை. இரண்டு வரிசை முன்னால் அண்ணனின் முதுகு தெரிந்தது.

மழை விட்டு, கடல் தெளிந்ததும் அண்ணன் தானாகவே வந்து, "வா, பாப்போம்," என்றான். அவன் முங்கினான், நான் டியூபைப் பிடித்தேன். வெகுநேரம் கழித்து மேலே வந்தான். இடுப்பு வலைப்பை தட்டையாகக் கிடந்தது. இன்னும் இரண்டு பாறை பார்த்தோம். எல்லாம் வழித்துத் துடைத்த அம்மிபோல இருந்தன. மணலில் இறங்கியபிறகு, "அடுத்த வருசமும் இருக்காது," என்று மட்டும் சொன்னான்.

அந்த மாதமே மதினியின் சொந்தக்காரர் ஒருவர் மூலமாக மலைப்பக்கம் ஒற்றசேகரமங்கலத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற வேலைக்குப் போய்விட்டான். குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போனான். கோபித்துக்கொண்டு போகவில்லை. போகிற அன்று என் பிள்ளைகளுக்கு முட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனான்.

போன மாதம் அவனைப் பார்க்கப் போயிருந்தேன். மரங்களுக்கு நடுவில் ஓடு போட்ட சின்ன வீடு. மெலிந்திருந்தான். மதினி பால்விடாத கட்டன்சாயாவும் கிழங்கும் வைத்தாள். மழையைப் பற்றிப் பேசினோம், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசினோம். மதினி உள்ளே போனதும் நான் சொல்லிவிட்டேன்.

"அண்ணா, அன்னைக்கு நீ சொன்னத நான் கேக்கேல்ல. மன்னிக்கணும்."

அவன் சாயா டம்ளரைக் கீழே வைத்தான். "நான் எதுக்குல மன்னிக்கணும்? எனக்க சிப்பியா அது?"

பிறகு வானத்தைப் பார்த்துவிட்டு, மழை வருவதற்குள் பாலை எடுக்கவேண்டும் என்று வாளியைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். நானும் கூடப் போகட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், அட்டை கடிக்கும். பஸ்ஸுக்கு நேரமாச்சு, நீ போ," என்றான். மரங்களுக்குள் அவன் சரிந்து சரிந்து ஏறிப்போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சரிவு அவன் காலுக்கு இன்னும் பழகியிருக்கவில்லை.

பஸ்ஸில் இடம் இருந்தது. ஊர் வருகிறவரை நான் நின்றுகொண்டே வந்தேன்.