பயத்தில் ஊற்றிய மூன்றரை லீற்றர்

நுரைச்சோலைக் கரையில் பஸ்தியானின் பெயரை எடுத்தால் ஆட்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். "ஆர், அந்த ரெண்டு நங்கூரக்காரனோ?" என்பார்கள். ஊர் முழுக்க ஒரு நங்கூரத்தோடு கடலுக்குப் போக, இந்த மனிசன் இரண்டு கொண்டு போவான். ஒரு கயிறு போதுமென்றால் மூன்று எடுப்பான். தண்ணீர் ஒரு கலன் போதுமென்றால் நாலு. சிரித்தவர்களுக்கு என்ன வந்தது, சிரித்துவிட்டுப் போவார்கள். அவன் வயிற்றுக்குள் கிடந்த பயத்தை ஒருத்தராவது எட்டிப் பார்த்தார்களா?

அது பிறவியில் வந்த பயமில்லை. சண்டை முடிந்து, நேவியின் கெடுபிடி குறைந்து, ஆட்கள் நினைத்த தூரத்துக்கு வலையோடு போகத் தொடங்கிய காலம். பஸ்தியானும் மச்சான் கில்பட்டும், அதாவது பெண்சாதி யூஜீனியாவின் அண்ணனும், ஒரே மீன்பிடிப் போட்டில் பங்கு. அந்தப் போட்டு இஞ்சினுக்கு மண்ணெண்ணெயோடு ஒயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். ஒருநாள் அவசரத்தில் பஸ்தியான் ஒயிலைக் குறைத்துக் கலந்துவிட்டான். கரை மறைந்த தூரத்தில் இஞ்சின் கிறீச்சென்று கத்திவிட்டு இறுகிப்போனது. மூன்று நாள் நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் இழுபட்டார்கள். கடைசி நாளில் குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. யாரோ புண்ணியவான்கள் கண்டு கட்டி இழுத்து வந்தார்கள்.

கில்பட் ஒரு கிழமையில் திரும்பக் கடலுக்குப் போனான். பஸ்தியானும் போனான்தான். ஆனால் போட்டைத் தள்ள முன்னம் கயிறையும் தண்ணீர்க் கலனையும் திரும்பத் திரும்ப எண்ணினான். அன்றிலிருந்துதான் இரண்டாவது நங்கூரமும். கலக்கும்போது ஒயிலைக் கூட்டிக் கூட்டி ஊற்றினான். போட்டு இஞ்சினுக்கு ஒயில் கூடினால் ஒன்றும் ஆகாது, கொஞ்சம் புகைக்கும், அவ்வளவுதான். குறைந்தால்தான் ஆளைக் கொல்லும். இது அந்தக் கரையில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

பயத்தை ஒருத்தருக்கும் சொல்லவில்லை. அப்பன், பாட்டன் எல்லாரும் கடலில் கிடந்த குடும்பத்தில் பிறந்துவிட்டு, "எனக்குக் கடலுக்குப் பயம்" என்று எந்த வாயால் சொல்லுவது? அதனால் வேறு கதை கட்டினான். "மீன் ஏத்துற தொழில்லதான் இப்ப பிழைப்பு" என்றான். போட்டில் தன் பங்கைக் கில்பட்டுக்கே கொடுத்தான். ஏழு மாதம் தேடி அலைந்து, சிலாபத்தில் ஒரு சிங்கள முதலாளியிடம் பழைய டீசல் கெப் ஒன்றை வாங்கினான். பின்னால் பெட்டி வைத்த சின்ன வண்டி. வாசலில் அதைக் கொண்டுவந்து நிறுத்திய அன்று அவன் மனசுக்குள் ஒரே ஒரு நினைப்புத்தான்: இது ஓடும்வரைக்கும் கடல் இல்லை. இது நின்றால் திரும்பவும் கடல்தான்.

வாங்கின இரண்டாம் நாள், இஞ்சினில் கிடந்த பழைய ஒயிலைத் தொட்டுப் பார்த்தான். தார் மாதிரிக் கறுப்பு. எப்போது மாற்றியது, எந்த ஒயில், ஒன்றும் தெரியாது. உடனே பஸ் ஏறித் தில்லையடிக்குப் போனான். ஃபைஸலின் மோட்டர் சாமான் கடை அங்கேதான்.

ஃபைஸல் சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது சின்ன வயசில் வந்து, இங்கேயே வளர்ந்து கடை போட்டவன். பொறுமைசாலி. அந்தப் பொறுமைக்கு அன்றைக்குப் பெரிய சோதனை.

"இது ஒறிஜினல்தானே தம்பி?"

"வல்லாஹி, அல்லா மேல சத்தியமா ஒறிஜினல் அண்ணே. இந்தா, மத்ததையும் பாருங்க." ஃபைஸல் இரண்டு ஒயில் பில்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். வெளியே பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். "இது போலி. ரப்பரைப் பாருங்க, நகம் பட்டாலே பிய்யுது. இதப் போட்டா அழுக்கெல்லாம் இஞ்சினுக்குள்ளதான்."

பஸ்தியான் நல்லதை மூன்று தரம் திருப்பிப் பார்த்தான், மோந்தும் பார்த்தான். டீசல் பில்டரை வெளிச்சத்தில் பிடித்தான். கரையோர மணலுக்கு எயார் பில்டர் தாக்குப்பிடிக்குமா என்று நாலு தரம் கேட்டான். ஒயிலுக்கு வந்தபோது ஃபைஸல் தெளிவாகச் சொன்னான்: "டீசல் இஞ்சினுக்குரிய ஒயில் இது. பில்டரோட சேத்து ஆறரை லீற்றர். ஒயில் அளக்கிற குச்சியில ரெண்டு கோடு இருக்கும், மேல் கோட்டைத் தாண்டக்கூடாது. எதுக்கும் இங்க கொண்டு வாங்களே, நானே மாத்தித் தாறன்."

"முப்பது வருசமா இஞ்சினோட கிடந்தவன் தம்பி நான்," என்றான் பஸ்தியான். ஐந்து லீற்றர் கலன் இரண்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

பின்னேரம் வாசலில் வேலை நடந்தது. பில்டர் மூன்றையும் ஒரு பிழையில்லாமல் பூட்டினான், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆறரை லீற்றர் அளந்து ஊற்றினான். குச்சியை இழுத்துப் பார்த்தான். ஒயில் சரியாக மேல் கோட்டில் நின்றது.

அங்கே விட்டிருக்கலாம். விட்டானா?

குச்சியின் நுனியில் ஒரு விரல் அகலத்துக்கு ஒயில். இவ்வளவு பெரிய இஞ்சினுக்கு இவ்வளவுதானா? அந்தக் கிறீச்சென்ற சத்தம் காதுக்குள் வந்தது. கலனில் மீதி கிடந்ததில் கொஞ்சம் ஊற்றினான். பிறகும் கொஞ்சம்.

"ஃபைஸல் கோட்டைத் தாண்டாதீங்க எண்டு சொன்னவர்தானே?" என்றாள் யூஜீனியா.

"கூடினா என்ன, கொஞ்சம் புகைக்கும். குறைஞ்சா என்ன நடக்குமெண்டு எனக்குத்தான் தெரியும்."

இரண்டு கலனும் காலியான பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

அடுத்த நாள் காலை இரண்டு பேரும் தலவில அன்னம்மா கோயிலுக்குப் புறப்பட்டார்கள். புது வாகனம், கோயிலில் சுவாமியாரிடம் மந்திரித்த தண்ணீர் தெளித்துத்தானே தொழிலுக்கு இறக்க வேண்டும். ஸ்டார்ட் பண்ணியதும் பின்னால் நீலப் புகை. பஸ்தியானுக்கு முகம் மலர்ந்தது. புகை வந்தால் ஒயில் தாராளமாக இருக்கிறது என்று அர்த்தம், அவனுக்குத் தெரிந்த உலகத்தில்.

பாதி வழியில் அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தும் வேகம் குறையவில்லை. கிளச்சை மிதித்து, கியரை நியூட்ரலுக்கு எடுத்து ஓரங்கட்டினான். இஞ்சின் சத்தம் இறங்காமல் ஏறியது. ஏறி, ஏறி, ஊளையிடத் தொடங்கியது. சாவியைத் திருப்பிக் கையில் எடுத்தே விட்டான். நிற்கவில்லை! சாவி கையில், இஞ்சின் ஓடுது. ரோட்டே தெரியாமல் புகை.

"ஐயோ அன்னம்மா தாயே, இறங்குங்கோ!" என்று யூஜீனியா குதித்தாள். அவனும் குதித்தான். ஃபைஸலுக்குப் போன் எடுத்தான்.

"அண்ணே, திரும்ப உள்ள ஏறுங்க!" ஃபைஸல் கத்தினான். "பிரேக்கை நல்லா அமத்திக்கிட்டு, அஞ்சாவது கியரப் போட்டு கிளச்சை விடுங்க! நின்டுரும்! கெதியா!"

ஓடிப் போய் ஒரு காலைப் படியில் வைத்தான். வண்டி முழுக்க உதறியது. கதவுப் பிடியைப் பிடித்த கை அசைய மறுத்தது. ஏற வேண்டும், ஐந்து நொடி வேலை, எல்லாம் தெரியும். ஏற முடியவில்லை. காலை எடுத்துவிட்டான். யூஜீனியா அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஏதோ உடைந்த சத்தம், பிறகு அமைதி.

ஃபைஸல் மோட்டர் சைக்கிளில் வந்து சேர்ந்து குச்சியை இழுத்தான். அரைவாசிக்கு மேல் ஒயில்.

"எவ்வளவு அண்ணே ஊத்தினீங்க?"

"பத்தும்."

ஃபைஸல் தலையில் கை வைத்தான். "கூடின ஒயிலை இஞ்சின் காத்தோட இழுத்துக் குடிச்சு அதுலயே ஓடும் அண்ணே. டீசலை நிப்பாட்டினாலும் நிக்காது. இனி முழுசாப் பிரிக்கணும். அதுவும் சரிவருமோ தெரியா."

பின்னேரம் கில்பட் வந்தான். வாசலில் இழுத்துவந்து போட்டிருந்த கெப்பைச் சுற்றிப் பார்த்தான். "சரி விடு மச்சான். போட்டுக்குக் கூலிக்குப் பிடிச்ச ஆள் நாளைக்கு வரமாட்டானாம். விடிய வா, போவம். உழைச்சு இதைச் செய்விப்பம்."

பஸ்தியான் தலை குனிந்து கதிரையில் இருந்தான்.

"ஏலாது மச்சான்," என்றான். "எனக்குக் கடலுக்குப் பயம். அந்த மூண்டு நாளிலயிருந்து பயம். அதுக்குத்தான் இந்தக் கெப்."

சொல்லிவிட்டான். கில்பட் சிரிப்பான், நாளைக்குக் கரை முழுக்கச் சிரிக்கும் என்று காத்திருந்தான்.

கில்பட் சிரிக்கவில்லை. அவனுக்குக் கோபம்தான் வந்தது.

"எனக்கு மட்டும் பயமில்லையெண்டு ஆரடா உனக்குச் சொன்னது? ஒவ்வொரு நாளும் பயம்தான். நீ ரெண்டு நங்கூரம் ஏத்தேக்க நான் சிரிச்சனா, சொல்லு? நீ போட்டில இருந்தமட்டும் இன்னொருத்தனும் பயந்துகொண்டு இருக்கிறான் எண்டு ஒரு தைரியம் எனக்கு. பங்கைத் தந்துபோட்டுப் போயிட்டாய். ஏழு மாசமா ஒண்டுக்கும் பயப்படாத அந்தக் கூலிக்கார விசரனோட நான் போய்வாறன்."

உள்ளே யூஜீனியா விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"விடிய எத்தினை மணிக்கு?" என்று கடைசியில் பஸ்தியான் கேட்டான்.