சம்பந்தம் பேசப் போன வீட்டில் அழுகல் பழம்

அழுகல் எனக்கு ஆகவே ஆகாது. வாழைப்பழத்தில் ஒரு கறுப்புப் புள்ளி கண்டாலே குப்பையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவுகிறவள் நான். மகளுக்குச் சம்பந்தம் பேச ஒரு வெள்ளைக்கார வீட்டுக்குப் போவதென்று முடிவானபோது, தட்டுக்குப் பழம் வாங்க நானேதான் லண்டன் ஹவுன்ஸ்லோவில் இருக்கிற தமிழ்க் கடைக்குப் போனேன். ஒவ்வொரு தோடம்பழமாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

“அக்கா, அமத்திப் பாக்காதேங்கோ. மற்றச் சனமும் வாங்க வேணும்.”

“சம்பந்தத்துக்குக் கொண்டு போறன் அண்ணை. நசிஞ்சதைத் தட்டிலை வைக்க ஏலாது,” என்றேன்.

நவம்பர் மாதம். நானும் கணவரும் மகளுமாகப் போனோம். முதல் உறைபனி விழுந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. பையனின் தாய் கதவைத் திறந்தபோது அவளுடைய நகங்களுக்குள் மண். நான் பார்த்துப் பார்த்து அடுக்கிய தட்டை வாங்கி, சப்பாத்து வைக்கிற அலுமாரிக்கு மேலே வைத்தாள். அதற்குப் பக்கத்தில் ஒரு கூடை. அப்போதுதான் தோட்டத்தில் பிடுங்கிய லீக்ஸ், பீட்ரூட், முட்டைக்கோவா எல்லாம் வேரும் மண்ணுமாகக் கிடந்தன. கோவா இலையில் ஓடில்லாத நத்தை ஒன்று ஊர்ந்தது. எல்லாம் எங்களுக்குத்தானாம், போகும்போது கொண்டுபோக வேண்டுமாம். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

பிறகு தேநீரோடு ஒரு தட்டு வந்தது. தேசிக்காய் அளவில் மண்நிறப் பழங்கள். ஒவ்வொன்றின் அடியும் பிளந்து விரிந்திருந்த விதத்தைச் சொல்ல வாய் கூசுகிறது. தோல் சுருங்கி, சதை கன்றி, தொட்டால் விரல் உள்ளே போகும் போலிருந்தது. மெட்லர் என்றாள். தன் தோட்டத்து மரத்தில் காய்த்ததாம். பறித்து மூன்று கிழமை கொட்டிலில் போட்டு, நன்றாக அழுகிய பிறகுதான் சாப்பிட வேண்டுமாம்.

எங்களில் சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு முன்னால் அழுகிய பழத்தை வைத்தால், எழும்பிப் போங்கள் என்றுதான் அர்த்தம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பக்கத்தில் இருந்த கணவரிடம் தமிழில் முணுமுணுத்தேன்.

“இஞ்சேருங்கோ, பாத்தியளே? குப்பையிலை போட வேண்டியதை எங்களுக்கு வைச்சிருக்கிறா.”

“சும்மா இரும். அவையின்ர வழக்கம் அப்பிடியாக்கும்.”

அவர் ஒன்றை எடுத்துப் பிதுக்கினார். மண்நிறக் களி வெளியே வந்தது. அதை நாக்கால் வழித்தார். முப்பது வருஷம் குடும்பம் நடத்திய மனுசனை அந்த நிமிஷம் எனக்குப் பிடிக்கவில்லை. கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பி மகளைப் பார்த்தேன்.

“எழும்பு பிள்ளை, போவம். இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம்.”

அவள் எழும்பவில்லை. தட்டில் ஒரு பழத்தை எடுத்தாள். அடிப்பக்கத்தை விரலால் விலக்கி, உறிஞ்சி, கொட்டைகளைத் தட்டின் ஓரத்தில் ஒவ்வொன்றாகத் துப்பினாள். பழகிய கை. பிறகு பையனின் தாயைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னாள், போன வருஷத்துப் பழம் இதைவிட இனிப்பு என்று. ஓம் ஓம், அதில் பாதியை நீதானே முடித்தாய் என்று அவள் சிரித்தாள்.

எங்களுக்கு மகள் இந்தப் பையனைப் பற்றிச் சொன்னது இந்த வருஷக் கோடையில்தான். பழகி இரண்டு மாதம் என்றாள்.

போன வருஷமே என் பிள்ளை இந்த மேசையில் இருந்து சாப்பிட்டிருக்கிறாள். நகத்தில் மண்ணோடு நிற்கிற இந்த மனுசிக்கு ஒளிக்காததை, எனக்கு ஒளித்திருக்கிறாள். கைப்பையைத் தூக்கிக்கொண்டு நான் நின்ற கோலத்தில் யார்தான் எனக்கு எதைச் சொல்வார்கள்?

திரும்ப உட்கார்ந்து ஒரு பழத்தை எடுத்தேன். விரலெல்லாம் பிசுபிசுத்தது. வாயில் வைத்ததும் குமட்டியது. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கினேன்.