மாமாவுக்கு உயரம் ஆகாது

ஊரில் பாதி வீடுகளுக்குக் கிரில் அடித்துக் கொடுத்த வெல்டருக்கு, அன்று தன் வீட்டு பால்கனி கிரில்மேலேயே நம்பிக்கை இல்லை. காலையில்தான் அப்பாவின் அஸ்தியை வாங்கி வந்திருந்தான். அஸ்திக் கலசத்தை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் மரத்தில் கட்டுவது அவர்கள் குடும்ப வழக்கம். நாலாம் மாடியில் மரத்துக்கு எங்கே போவது? கிரிலில் கட்டித் தொங்கவிட்டான். நாளை அண்ணன் வந்ததும் கடலில் கரைக்க வேண்டும்.

மதியம் காற்று கிளம்பியது. கலசம் கம்பியில் இடிக்கும்போதெல்லாம் ஓடிவந்து பார்த்தான். முடிச்சின்மேல் முடிச்சு போட்டான். அப்புறம் இரண்டு கையாலும் அதைப் பிடித்தபடியே நின்றுவிட்டான்.

"உள்ள கொண்டு வாங்க," என்றாள் மனைவி.

"உள்ள வந்தா ஆத்மா போகாம இங்கயே சுத்தும்பாங்க. அப்பாவுக்கு நல்ல கதி கிடைக்க வேண்டாமா? அண்ணன் என்னைத் தொலைச்சுடுவான்."

"மாமா ஒரு நாளாவது இந்த பால்கனிக்கு வந்திருக்காரா? எட்டிப் பார்த்தாலே தலை சுத்துதுன்னு உள்ள ஓடுவாரு. அவரைப் போய் நாலாம் மாடியில தொங்க விட்டிருக்கீங்களே."

அவன் கீழே தெருவைப் பார்த்தான். பிறகு அவசர அவசரமாக முடிச்சுகளை அவிழ்த்து, கலசத்தை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தான். சுவரோரம் கிடந்த அப்பாவின் நாற்காலியில் அதை வைத்தான்.

அண்ணனிடம் என்ன சொல்வது என்ற பயம் போகவில்லை. ஆனாலும் போய் பால்கனிக் கதவைச் சாத்தினான்.